ஒண்ணேகால் மணி நேரம்தான்

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்க தம்பி. எனக்கு இந்த ரோட்டுல புதுசாப் பார்க்க ஒண்ணும் இல்ல. முப்பத்தோரு வருஷம் இதே ரூட்ல கண்டக்டரா இருந்தவன். கிருஷ்ணகிரி - பெங்களூர். முனிரத்தினம்னு கேட்டா இங்க டோல்கேட்டுல இருந்து அத்திப்பள்ளி வரைக்கும் டீக்கடைக்காரன்கூடச் சொல்வான். ரிட்டயர் ஆகி நாலு வருஷம் ஆச்சு. பாஸ் இருக்கு. வீட்டுல உட்கார முடியல, ஏறிடுவேன்.

நீங்க எங்க, எலெக்ட்ரானிக் சிட்டியா? தினமும் போய்ட்டு வர்றீங்களா? பார்த்தீங்களா, இதைத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்றது. நான் வேலைக்குச் சேர்ந்தப்ப இது ஒத்தை ரோடு தம்பி. எதிர்ல லாரி வந்தா மண்ணுல இறங்கி நிக்கணும். ஓசூர் போறதுக்கே ரெண்டு மணி நேரம். பெங்களூர்னா அது வேற தேசம், போய்ட்டு வந்தவன் உட்கார்ந்து கதை சொல்வான். இப்ப? காலையில சூளகிரிப் பக்கம் பிடுங்கின கொத்தமல்லி எட்டு மணிக்கு அங்க கடையில இருக்கு. ராயக்கோட்டைத் தக்காளி அங்க. அங்கத்த கல்யாணம் இங்க மண்டபத்துல. இங்க இருக்கிறவன் அங்க வேலை செய்றான், அங்க இருக்கிறவன் இங்க வந்து மனை வாங்கிப் போடுறான். கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூர், மூணும் இப்ப ஒரே ஊரு. நடுவுல ஒரு தெரு மாதிரி ரோடு, அவ்வளவுதான்.

அந்த நம்பிக்கையிலதான் என் பையனுக்கு அங்கேருந்து பொண்ணு எடுத்தேன். அங்க ஆரம்பிச்சது எனக்குச் சனியன்.

பேரு நிரோஷா. ஊரு அத்திப்பள்ளி பார்டருக்கு அந்தப் பக்கம், சந்தாபுரம். நம்ம ஆளுங்கதான், தாத்தா காலத்துலயே தர்மபுரியிலேருந்து அங்க போனவங்க. அப்பா இல்ல. அம்மா ஒரு ஸ்கூல்ல ஆயாவா இருக்காங்க. பொண்ணு கெமிஸ்ட்ரி படிச்சிட்டு பொம்மசந்திராவுல ஒரு மருந்துக் கம்பெனி லேப்ல வேலை. வீட்டுலேருந்து பத்து நிமிஷம். என் பையன் லோகநாதன் இங்க மாங்கூழ் ஃபேக்டரியில சூப்பர்வைசர். அவனுக்கும் வீட்டுலேருந்து அஞ்சு நிமிஷம்தான்.

பொண்ணு பார்க்கப் போன அன்னைக்கு அவளே கேட்டா. "மாமா, கல்யாணத்துக்கப்புறம் ஓசூர்ல ஒரு வீடு எடுத்துக்கலாமா? ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கும்"னு. நான் "பார்க்கலாம்மா"ன்னேன். பார்க்கலாம்னா பார்க்கலாம்தானே தம்பி? சரின்னு அர்த்தமா? அந்த ஒரு வார்த்தையை ஒன்றரை வருஷம் பிடிச்சுத் தொங்கினா.

எதுக்கு ஓசூர்? நான்தான் ரோட்டை அறிஞ்சவனாச்சே. ஒரு தாள்ல டைம் எழுதி ஃப்ரிட்ஜ் மேல ஒட்டினேன். அஞ்சு நாற்பது பஸ்ஸைப் பிடிச்சா ஒண்ணேகால் மணி நேரம்தான். ஏழு மணிக்கு அங்க இறங்கிடலாம். எட்டு மணிக்கு வேலை. சாயங்காலம் அஞ்சு மணிக்கு விட்டா ஏழுக்கெல்லாம் வீடு. அவ என்ன சொல்வா தெரியுமா? "போக வர நாலு மணி நேரம் ஆகுது மாமா"ம்பா. பஸ்ஸுக்கு நிக்கிறதையும், அத்திப்பள்ளியில வண்டி சிக்கி நிக்கிறதையும், ஸ்டாப்பிங்ல இருந்து நடக்கிறதையும் சேர்த்துச் சொல்றா. நிக்கிறது எப்படி தம்பி பிரயாணம் ஆகும்? நிக்கிறதுன்னா நிக்கிறது.

வேலையை விடுன்னு நான் ஒரு நாள் சொன்னதில்ல. அந்தக் காலத்து ஆளு இல்ல நான். எங்க வீட்டம்மாவுக்கு முட்டி வலி, அடுப்புகிட்ட நிக்க முடியாது. அதனால நாலு மணிக்கு எழுந்து சமையலை முடிச்சு வச்சுட்டுப் போன்னேன். அவ்வளவுதான் கேட்டது. நானும் முப்பத்தோரு வருஷம் நாலு மணிக்கு எழுந்தவன்தான். எங்க வீட்டம்மா எனக்கு முன்னாடியே எழுந்து காப்பி போட்டுக் கொடுத்துடுவா.

பாதுகாப்புக்கும் நான் குறை வைக்கல. எங்க ரூட் ஆளுங்களுக்கு வாட்ஸப்புல ஒரு குரூப் இருக்கு. ரிட்டயர் ஆனவங்களும் அதுல இருக்கோம். மருமக போட்டோவைப் போட்டு, ஏறினாச் சொல்லுங்க, இறங்கினாச் சொல்லுங்கன்னு எழுதினேன். டாண்ணு வந்துடும். "மருமக ஏறியாச்சு அண்ணே." "சந்தாபுரத்துல இறங்கியாச்சு அண்ணே." மாதேசன்னு ஒருத்தன், அவனுக்கு விசில் ஊதவே நான்தான் கத்துக் கொடுத்தேன். காலை வண்டி அவனுது. எந்த அப்பன் இப்படிப் பார்த்துக்குவான் சொல்லுங்க.

ஒரு தடவை யாரோ ஒருத்தன் அவ தூங்குறதைப் போட்டோ எடுத்துப் போட்டிருந்தான். வாயைத் திறந்துகிட்டு, கம்பியில தலை சாய்ஞ்சு, எச்சில் ஒழுகுது. சாயங்காலம் அவ வந்ததும் எல்லார்கிட்டயும் காட்டினேன். வீடே சிரிச்சுச்சு. லோகுவும் சிரிச்சான். அவ மட்டும் சிரிக்கல. மறுநாள்லேருந்து துப்பட்டாவை மூஞ்சி மேல போட்டு மூடிக்கிட்டுத் தூங்குறாளாம், மாதேசன் சொன்னான். ஒரு தமாஷுகூடத் தாங்காத பொண்ணு.

இன்னொரு நாள் வீட்டுக்கு வர முக்கால் மணி நேரம் லேட்டு. எனக்குத்தான் தெரியுமே, அஞ்சரை பஸ்ஸுல அவ ஏறலன்னு. வாசல்லயே கேட்டேன், "எங்க போன?" "அம்மாவுக்குக் காய்ச்சல் மாமா. கஞ்சி வச்சுக் கொடுத்துட்டு வந்தேன்." "எங்கிட்ட ஏன் சொல்லல?" "சொன்னா விடமாட்டீங்க." நான் எப்ப தம்பி விடமாட்டேன்னு சொன்னேன்? சொல்லியிருந்தா, அடுத்த வாரம் போயிட்டு வான்னு சொல்லியிருப்பேன். செய்யாத குத்தத்தை நம்ம மேல போட்டா மனசு கொதிக்குமா கொதிக்காதா?

என்ன கேட்டீங்க, காரா? இருந்துச்சு. அப்பத்தான் லோகு எடுத்திருந்தான், அவ சம்பளத்துலதான். அதை எடுத்துட்டுத் தினமும் இந்த ரோட்டுல போனா வண்டி என்னத்துக்கு ஆகும்? ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு எடுப்போம்.

அப்புறம் அவ மாசமானா. மூணாவது மாசம். டாக்டரம்மா ஓரமாக் கூப்பிட்டு, "அலைச்சல் வேண்டாம், கொஞ்ச நாளைக்கு ரெஸ்ட்டா இருக்கட்டும்"னாங்க. இவ உடனே ஆரம்பிச்சா. "நான் அம்மா வீட்டுல இருந்து வேலைக்குப் போறேன் மாமா, பத்து நிமிஷம்தான். ஏழாம் மாசம் இங்க வந்துடறேன்." முதல் பேரப் பிள்ளை தம்பி. எங்க வீட்டுப் பிள்ளை அங்க எங்கேயோ கன்னடத்தைக் கேட்டுக்கிட்டு வளரணுமா? வயித்துல இருக்கும்போதே காது கேட்குமாம்ல.

லோகு மெதுவா வந்தான். "அப்பா, ஒரு மாசம் லீவு போடச் சொல்லட்டா?" அவன் எப்பவும் மெதுவாத்தான் வருவான். "லீவு போட்டா வேலை நிக்குமா? இந்த ரோடு எப்படி இருக்குன்னு உனக்குத் தெரியுமா? ஒரு டம்ளர் தண்ணியை என்ஜின் மேல வச்சா ஓசூர் வரைக்கும் சிந்தாது"ன்னேன். அவன் போய்ட்டான். நான் மாதேசனுக்குப் போன் பண்ணி, டிரைவருக்குப் பின்னாடி சீட்டு அவளுக்கு விட்டு வைக்கச் சொன்னேன். அங்க ஆட்டம் கம்மி. இது யாருக்குத் தோணும்?

ஆடி மாசம், ஒரு வியாழக்கிழமை. ஆறே கால் இருக்கும். மாதேசன் போன். "அண்ணே, மருமகளுக்கு முடியல. ரத்தம் போகுது. சின்னேப்பள்ளி கூட்ரோட்டுல வண்டியைக் கீழ இறக்கி ஓரம் கட்டியிருக்கேன். அப்படியே ஓசூர் ஆஸ்பத்திரிக்கு விட்டுடட்டா?"

எனக்கு ஒரு நொடியில ரோடு பூராக் கண்ணுக்கு முன்னாடி வந்துடுச்சு. அங்கேருந்து ஓசூர் இருபது நிமிஷம். திரும்பி இங்க வந்தா முப்பது. பத்து நிமிஷம்தானே வித்தியாசம்? நம்ம டாக்டரம்மா இங்க இருக்காங்க. ஓசூர்ல கொண்டு சேர்த்தா சம்பந்தியம்மா அரை மணியில வந்து பக்கத்துல உட்கார்ந்துக்குவாங்க. அங்கேருந்து நேரா சந்தாபுரம். அப்புறம் நாம பிள்ளையைக் கண்ணுல பார்க்கிறது எப்போ? இதையெல்லாம் பெரியவங்கதானே யோசிக்கணும்?

"ஓசூர் வேண்டாம். சுரங்கப்பாதை வழியா அந்தப் பக்கம் அனுப்பு. ஆறு இருபத்தஞ்சுக்குப் பெங்களூர் வண்டி திரும்பி வருது. அதுல ஏத்திவிடு. நான் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன்"னேன்.

"அண்ணே, பொண்ணால நிக்கவே முடியல. நூத்தியெட்டுக்கு அடிக்கட்டுமா?"

"அவன் வர்றதுக்குள்ள பஸ் வந்துடும்டா."

"அண்ணே, இப்பல்லாம் திரும்பி வர்ற வண்டிங்க..."ன்னு ஏதோ இழுத்தான்.

"நீ எனக்கு ரூட் சொல்லிக் கொடுக்கிறியா?"ன்னேன். வாயை மூடிக்கிட்டான். பின்னாடி பஸ்ஸுல ஆளுங்க சத்தம் போடுறது எனக்குக் கேட்டுச்சு, ஷிஃப்டுக்கு நேரமாச்சுன்னு. சாமந்தி மூட்டையோட ஒரு பூக்காரம்மா இருந்திருக்கு. அதுதான் அவ கையைப் பிடிச்சு இறக்கிக் கூட்டிட்டுப் போச்சாம். அதுக்கு என்ன அவசரமோ, மூட்டையை வண்டியிலயே விட்டுட்டு இறங்கியிருக்கு.

நான் சும்மா இருந்தேன்னு நினைச்சுடாதீங்க. குளிச்சேன். ரெண்டு இட்லி சாப்பிட்டேன். எனக்குச் சக்கரை தம்பி, மாத்திரை போட்டுட்டுச் சாப்பிடாம இருக்கக் கூடாது. ஏழு மணிக்கெல்லாம் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன். ஒரு வண்டி வந்துச்சு, அதுல இல்ல. இன்னொண்ணு, அதுலயும் இல்ல. இவளுக்குப் போன் அடிச்சா எடுக்கல. பெரியவன் ஒருத்தன் வெயில்ல நிக்கிறானேன்னு ஒரு போன் பண்ண வேண்டாமா? எனக்கு எவ்வளவு கோபம் வந்துச்சு தெரியுமா?

எட்டு மணிக்குச் சம்பந்தியம்மா போன் பண்ணாங்க. "ஓசூர்ல ஆஸ்பத்திரியில இருக்கா. கரு போயிடுச்சு." அவ்வளவுதான் சொன்னாங்க. வச்சுட்டாங்க.

லோகுவைக் கூட்டிட்டுக் கார்ல போனேன். போனா என்ன தெரிஞ்சுது? தக்காளி ஏத்திட்டுப் போன வண்டியை அந்தப் பூக்காரம்மா நடு ரோட்டுல மறிச்சு நிறுத்தி, அதுல இவளைப் படுக்க வச்சுக் கொண்டு வந்திருக்கு. கே.ஏ. நம்பர் வண்டி. யாருன்னே தெரியாத ஒரு கன்னடக்காரன். நான் பஸ்ஸுல ஏறுன்னு சொல்றேன், இவ தக்காளிக் கூடை மேல ஏறிப் போறா. கரு தங்குமா?

அதைத்தான் கேட்டேன். கட்டில் பக்கத்துல நின்னு, கோபமாக்கூட இல்ல, பொறுமையாத்தான் கேட்டேன். "நான் சொன்ன வண்டியில ஏறியிருந்தா இப்படி ஆகியிருக்குமாம்மா? ஒரு அரை மணி நேரம் பொறுக்க முடியலையா?"

சீலிங்கைப் பார்த்துப் படுத்திருந்தவ தலையைத் திருப்பினா. குரலே இல்ல. "மூணு பஸ் வந்துச்சு மாமா. மூணும் பாலத்து மேல போச்சு. நான் கீழ நின்னு கையைக் காட்டிக்கிட்டே இருந்தேன்."

அது என்னன்னா தம்பி, சின்னேப்பள்ளியில மேம்பாலம் போட்டதுக்கப்புறம் பெங்களூர் வண்டிங்க கீழ இறங்குறதில்ல. ஊரை மேலேயே தாண்டிடும். அதனாலதானே ஒண்ணேகால் மணி நேரத்துல போக முடியுது. எனக்குத் தெரியாம இல்ல. நான் ரிட்டயர் ஆகி ஆறு மாசம் கழிச்சு அந்தப் பாலத்தைத் திறந்தாங்க. என் மனசுல இருக்கிறது பழைய ரோடு. அவசரத்துல சொல்லிட்டேன். மனுஷன்தானே? அதை வச்சு ஒருத்தனைக் குத்தம் சொல்ல முடியுமா? மாதேசனுக்குத் தெரியும்ல, அவன் தெளிவாச் சொல்லியிருக்க வேண்டாமா?

சம்பந்தியம்மா என் பக்கத்துல வந்தாங்க. அடிப்பாங்களோன்னு நினைச்சேன். கதவைத் திறந்து பிடிச்சுக்கிட்டு நின்னாங்க, அவ்வளவுதான். லோகு எனக்கு முன்னாடி வெளியே போய்ட்டான். அவனாவது பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை பேசியிருக்கணும். அதுக்கும் நான்தான் சொல்லிக் கொடுக்கணுமா?

அவ சந்தாபுரம் போய்ட்டா. ஒரு மாசம் விட்டேன். அப்புறம் வாரா வாரம் போனேன். பெரியவன் நானே இறங்கிப் போறேன், யோசிச்சுப் பாருங்க. வீட்டுக் கதவைத் திறக்கல. கம்பெனி கேட்டு முன்னாடி போய் நின்னேன். அஞ்சு மணிக்கு வெளியே வருவா, என்னைப் பார்த்ததும் திரும்ப உள்ளே போயிடுவா. ஒரு நாள் எட்டு மணி வரைக்கும் நின்னேன். அவ பின்பக்கமாப் போய்ட்டாளாம். குரூப்புல எழுதினேன், இந்தப் பொண்ணு எந்த வண்டியில ஏறினாலும் எனக்குச் சொல்லுங்கன்னு. மாதேசன் என்ன பண்ணான்? "அண்ணே, இனிமே எனக்குப் போன் பண்ணாதீங்க"ன்னு எல்லாரும் பார்க்க எழுதிட்டு குரூப்பை விட்டே போய்ட்டான். அவன் போனதும் பின்னாடியே பத்துப் பேர் போனாங்க. விசில் ஊதக் கத்துக் கொடுத்தவன் நான்.

அப்புறம் ஸ்டேஷன்லேருந்து கூப்பிட்டாங்க. அந்தப் பக்கத்து ஸ்டேஷன். ஒரு பொம்பளை எஸ்.ஐ. கன்னடத்துலயே பேசுது. எனக்குக் கன்னடம் வரும், முப்பத்தோரு வருஷம் டிக்கெட் கிழிச்சிருக்கேன். ஆனா அன்னைக்கு ஒரு வார்த்தை வாயில வரல. இனி அந்தப் பொண்ணு வீட்டுப் பக்கமோ கம்பெனிப் பக்கமோ வரமாட்டேன்னு எழுதிக் கையெழுத்து வாங்கிட்டாங்க. நம்ம பக்கம்னா நாலு பேரைத் தெரியும், ஒரு போன் போட்டா முடிஞ்சுது. எல்லாம் ஒரே ஊருன்னு நான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அன்னைக்கு மட்டும் அது வேற ஸ்டேட்டாப் போயிடுச்சு.

விவாகரத்து கேஸ் கிருஷ்ணகிரி கோர்ட்டுல. அவளே வந்து வந்து போறா. லோகு ஒத்துக்கிட்டான். ஜட்ஜம்மா கேட்டதுக்கு "சரிங்க"ன்னான். என் முகத்தைக்கூடப் பார்க்கல. இப்ப வீட்டுல சாப்பிடுறான், தட்டைக் கழுவி வைக்கிறான், போறான். எங்க வீட்டம்மா முட்டி வலியோட நின்னு சமைக்கிறா. பெத்தவங்களை இந்த நிலைமைக்குக் கொண்டு வந்துட்டா ஒருத்தி.

போன மாசம் வாய்தா அன்னைக்கு ஓசூர்ல ஒரு வேலை இருந்துச்சு, போயிருந்தேன். திரும்பும்போது பஸ்ஸுல பார்த்தா அவ. தற்செயலாத்தான் தம்பி. வாய்தா தேதி எனக்குத் தெரியும், ஆனா அவ எந்த வண்டியில வருவான்னு எனக்கென்ன தெரியும்? நாலு வண்டியை ஏறிப் பார்த்துட்டு விட்டேன், அஞ்சாவதுல இருந்தா. பக்கத்து சீட்டு காலி. போய் உட்கார்ந்தேன். மாமனார்தானே, இன்னும் தீர்ப்பாகல. என்னைப் பார்த்ததும் எழுந்து முன்னாடி போய் நின்னுட்டா.

"ஏம்மா நிக்கிற? இன்னும் நாற்பது கிலோமீட்டர் இருக்கு. வந்து உட்காரு"ன்னேன். நல்ல வார்த்தைதானே? திரும்பல. நான் எழுந்து கிட்டப் போனேன். "நடந்தது நடந்துடுச்சு. வீட்டுக்கு வந்துடு. பிள்ளை இன்னொண்ணு பெத்துக்கலாம்"னேன். நாலு பேருக்குக் கேட்கட்டும்னுதான் சத்தமாச் சொன்னேன். நாலு பேருக்குத் தெரிஞ்சாத்தானே நியாயம் பிறக்கும்?

அவ கண்டக்டர்கிட்ட என்னமோ சொன்னா. புது ஆளு, முப்பது வயசு இருக்கும். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். விசில் ஊதிட்டான். நட்ட நடு ஹைவேயில, தம்பி! கடையில்ல, நிழலில்ல, ஸ்டாப்பிங்கே இல்லாத இடம். வண்டி நிக்குது. அவ இறங்கினா. நானும் இறங்கப் போனேன். அந்தக் கண்டக்டர் படியில குறுக்கே கையை வச்சுக்கிட்டான். "உங்க டிக்கெட் கிருஷ்ணகிரிக்குங்க ஐயா"ங்கிறான். நான் பாஸ்ல போறவன்! என்கிட்டயே சொல்றான்! பஸ்ஸுல ஐம்பது பேரு. ஒருத்தராவது என்னன்னு கேட்டாங்களா? ஒரு அம்மா எழுந்து ஜன்னல் வழியா அவ பையை எடுத்துக் கொடுக்குது. அவ வாங்கிக்கிட்டு, ரோட்டோரமா, வெயில்ல, நாங்க வந்த திசையிலேயே திரும்பி நடந்தா. எப்படியோ அடுத்த வண்டியைப் பிடிச்சுக் கோர்ட்டுக்கும் வந்து சேர்ந்துட்டா.

நான் அந்தக் கண்டக்டர் மேல எழுதிக் கொடுத்துட்டேன். ஸ்டாப்பிங் இல்லாத இடத்துல வண்டியை நிறுத்தினது, ரிட்டயர்டு ஊழியரை அவமானப்படுத்தினது. முப்பத்தோரு வருஷத்துல நான் ஒருத்தருக்காக ஒரு நாள் அப்படி நிறுத்தினதில்ல. கையெடுத்துக் கும்பிட்டிருக்காங்க, அழுதிருக்காங்க. நிறுத்தினதில்ல.

நேத்து மாதேசன் போன் பண்ணான். இத்தனை மாசம் பேசாதவன். "அண்ணே, அவன் வேலை இன்னும் நிரந்தரம் ஆகல. கைக்குழந்தைக்காரன். வாபஸ் வாங்கிடுங்க அண்ணே, உங்க கால்ல விழறேன்." இப்ப மட்டும் நான் அண்ணன். நான் போனை வச்சுட்டேன்.

கொஞ்சம் வழி விடுங்க தம்பி, டிப்போ ஸ்டாப்பிங் வந்துடுச்சு. பதினோரு மணிக்கு விசாரணை. அந்தக் கண்டக்டரையும் வரச் சொல்லியிருக்காங்களாம், நேருக்கு நேர் நிக்க வச்சுக் கேட்பாங்களாம். கேட்கட்டும். எனக்கு யார் மேலயும் கோபம் இல்ல. நான் கண்ணால பார்த்ததைத்தான் சொல்லப் போறேன்.